இளைஞர் தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடியாமல் தடுக்க எந்த வழிக்குப் பணம் ஒதுக்கலாம்?

அமெரிக்க நகரங்களில் இளைஞர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட வழக்குகளைப் பார்த்தால், பெரிய கடத்தல் சண்டைகளைவிடச் சின்னச் சின்னத் தகராறுகள்தான் திரும்பத் திரும்பத் தட்டுப்படும். இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு கேலி, திருப்பித் தராத கைமாற்று, முன்னாள் காதலியோடு இன்னொருவன் எடுத்துக்கொண்ட படம், கூடைப்பந்துத் திடலில் தோளில் பட்ட ஓர் இடி. பதினாறு வயதில் இதெல்லாம் மானப் பிரச்சினை. கையில் துப்பாக்கி இல்லையென்றால் அதே தகராறு கிழிந்த சட்டையோடும் உடைந்த மூக்கோடும் முடிந்திருக்கும். 2020 முதல் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் துப்பாக்கிக்குத்தான். அதுவரை முதலிடத்தில் இருந்த வாகன விபத்து இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. முறையாக ஆராயப்பட்ட வழிகளே ஏழெட்டு உண்டு. ஆனால் ஒரு நகராட்சியோ பள்ளி நிர்வாகமோ அறக்கட்டளையோ ஓர் ஆண்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "எது சிறந்த திட்டம்?" என்று கேட்கும்போதே தேர்வு தடம் மாறிவிடுகிறது. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். தகராறு யாருக்குள்? அது துப்பாக்கியைத் தொட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது? அந்தத் துப்பாக்கி இந்த நிமிஷம் யார் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது?

ஒரே வகுப்பில் படிக்கும் இருவரின் கசப்புக்கு மாதக்கணக்கில் நேரம் உண்டு. நேற்றிரவு அண்ணன் சுடப்பட்டிருக்க, தம்பி காரில் ஆயுதத்தோடு சுற்றிக்கொண்டிருந்தால் இருப்பது சில மணி நேரம். முதலாவதற்கு ஏற்ற வழியை இரண்டாவதில் போட்டால் பிணம் விழும். இரண்டாவதற்கு ஏற்ற வழியை முதலாவதில் போட்டால் பணம் வீணாகும். வம்பில் இல்லாத பையன்களுக்கு வம்புக்காரன் என்ற பெயரும் வந்து சேரும். கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கில் வைத்தே பார்க்கிறோம்.

ஆத்திரத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு நொடி

13 முதல் 17 வயது வரையுள்ள, இன்னும் பள்ளிக்கு வந்துபோகிற பையன்களுக்கு ஆதாரம் வலுவாக இருப்பது, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படையில் அமைந்த குழு வகுப்புகளுக்குத்தான். சிகாகோவில் யூத் கைடன்ஸ் அமைப்பு நடத்தும் 'பிகமிங் எ மேன்' இதில் பெயர்பெற்றது. வாரம் ஒரு மணி நேரம், பள்ளி நேரத்திலேயே, ஒரு குழுவில் அதிகபட்சம் 15 பேர். குழுவை நடத்துகிறவர் பாடம் எடுப்பதில்லை, புத்திமதி சொல்வதில்லை. ஒரு பயிற்சியைச் செய்ய வைக்கிறார், பிறகு அதைப் பற்றிப் பேச வைக்கிறார்.

அதில் ஒரு பயிற்சி இது. பையன்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்து மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். மற்றவனுக்கு 30 நொடி. அதற்குள் பந்தை வாங்க வேண்டும். உடனே கையை முறுக்குகிறான், விரலைப் பிரிக்கிறான், தரையில் போட்டு அமுக்குகிறான். நேரம் முடிந்ததும் ஆள் மாற்றி அதே கூத்து. பிறகு நடத்துகிறவர் கேட்கிறார்: "யாராவது 'பந்தைக் கொடுப்பா' என்று கேட்டீர்களா?" அநேகமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "கேட்டால் என்னைக் கோழை என்று நினைப்பான், கொடுக்கவும் மாட்டான்" என்பார்கள். அவர் எதிரில் நிற்பவனைப் பார்த்து "கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?" என்கிறார். "கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்று பதில் வரும். எதிராளி மனதில் இல்லாததை இருப்பதாக எண்ணிக்கொண்டு கை நீள்கிறது என்பதைப் பையன் தன் முழங்கை வலியோடு அங்கேயே தெரிந்துகொள்கிறான். எவ்வளவு நேரம் பேசினாலும் இதைச் சொற்பொழிவால் கொண்டுவர முடியாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்ற ஆய்வு மையம் இதைக் குலுக்கல் முறையில் (திட்டத்தில் யார் சேர்வது, யார் சேராமல் ஒப்பீட்டுக்கு இருப்பது என்று குலுக்கிப் பிரித்து) இருமுறை சோதித்தது: 2009-10 கல்வியாண்டிலும், 2013 முதல் 2015 வரையிலும். திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தன. மொத்தக் கைதுகள் 28 முதல் 35 விழுக்காடு வரை. முதல் சோதனையில் ஏற்பாடு செய்த 27 அமர்வுகளில் சேர்ந்தவர்கள் சராசரியாக 13-க்குத்தான் வந்தார்கள். அதற்கே இந்தப் பலன்.

இதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் சோதனையில் திட்டம் முடிந்தபின் கைதுகளில் தெரிந்த வித்தியாசம் கரைந்துபோனது. திட்டத்தைப் பெரிதாக்கியபோதும் விளைவு மெலிந்தது. பெரிதாக்கும்போது முதலில் கெடுவது ஆள் தேர்வு. பையன்களோடு பழகத் தெரிந்தவரும் பயிற்சிகளைப் பிசகாமல் நடத்துகிறவரும் ஒரே ஆளாகக் கிடைப்பது அரிது. பத்துப் பேர் கிடைப்பார்கள், நூறு பேர் கிடைக்க மாட்டார்கள். ஆகவே இந்த வழியை எடுப்பவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஓராண்டோடு நிறுத்தாமல் இரண்டாம் ஆண்டுக்கும் பணம் வைப்பது. இரண்டு, குழு நேரத்தைக் கணிதத்துக்கோ மதிய உணவுக்கோ எதிராக வைக்காமல் விருப்பப் பாட வேளையில் வைப்பது. இல்லாவிட்டால் ஆசிரியர்களே பையன்களை அனுப்ப மாட்டார்கள். மூன்று, பள்ளியில் இருக்கிற ஆலோசகரின் தலையில் இதையும் கட்டாமல் தனி ஆளை வைப்பது. மாணவர் ஒருவருக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 1,100 முதல் 2,000 டாலர்.

தனி ஆள் கிடைக்கவே இல்லையா? சிகாகோ அடங்கிய குக் கவுன்டி என்ற மாவட்டத்தின் இளையோர் காப்பகத்தில் அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்த காவல் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து இதே வகை வகுப்புகளை நடத்தினார்கள். வெளியே போனவர்கள் திரும்ப உள்ளே வருவது ஏறக்குறைய 21 விழுக்காடு குறைந்தது. பட்டம் பெற்ற ஆலோசகர் கட்டாயமில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் கட்டாயம்.

இதற்கு வராதவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பள்ளியை விட்டு நின்றவர்கள், ஏற்கெனவே பகையில் சிக்கியவர்கள். ஆபத்து அவர்களிடம்தான் அதிகம், அவர்கள் வகுப்பறையில் இல்லை.

மாணவர் சமரசக் குழுவும் வட்டப் பேச்சும்

எல்லோருக்கும் பிடித்த வழி இது. செலவு குறைவு, பார்க்கவும் அழகாக இருக்கும். பயிற்சி பெற்ற இரண்டு மாணவர்கள், சண்டையிட்ட இருவரை எதிரெதிரே உட்காரவைத்து முப்பது நாற்பது நிமிஷம் பேசவிடுகிறார்கள். இடையில் குறுக்கிடக் கூடாது, திட்டக் கூடாது, இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. ஒவ்வொருவரும் மற்றவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் நாள் குறித்து, யார் எதைச் செய்வது என்று எழுதிக் கையெழுத்து. மாணவச் சமரசக்காரருக்குக் குறைந்தது 15 முதல் 20 மணி நேரப் பயிற்சி வேண்டும். ஒரு பெரியவர் அடுத்த அறையில் இருக்க வேண்டும்.

வதந்தி, கடன், நண்பர் குழுவில் ஒதுக்கிவைத்தது போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் ஒருவன் தொடர்ந்து மற்றவனைக் கொடுமைப்படுத்தும் விவகாரத்தை இங்கே கொண்டுவந்தால், அடி வாங்குபவன் அடிப்பவனோடு பேரம் பேச வேண்டியதாகிறது. பாலியல் தொல்லைக்கும் அதேதான். ஆயுதம் என்ற பேச்சு வந்துவிட்டால் சமரசக் குழு உடனே விலகி, விஷயத்தைப் பெரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த விதியைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லாத பள்ளிகள் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் ஓர் உயிரை ஏற்றிவைக்கின்றன.

வட்டமாக உட்கார்ந்து யாருக்கு என்ன பாதிப்பு, அதை எப்படிச் சரிசெய்வது என்று பேசும் மறுசீரமைப்பு நீதி முறையும் பள்ளிகளில் பரவியிருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் 44 பள்ளிகளில் ராண்ட் ஆய்வு நிறுவனம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு கலவையானது. பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்படும் நாட்கள் குறைந்தன, பள்ளியின் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் கைதுகள் குறையவில்லை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மதிப்பெண்கள் சரிந்தன. நல்ல பள்ளியை உருவாக்க இது உதவலாம். துப்பாக்கிச் சூட்டைக் குறைக்கும் திட்டம் என்று சொல்லி இதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தெருவில் நடக்கும் பஞ்சாயத்து

நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது என்றால் தெருவில் இறங்கும் இடையீட்டாளர்களைத் தவிர வேறு வழி இல்லை. 2000-இல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் தொடங்கிய முறை இது. இன்று 'க்யூர் வயலன்ஸ்' என்று அழைக்கப்படுகிறது. தொற்று பரவும் சங்கிலியை அறுப்பதுபோல, ஒரு துப்பாக்கிச் சூடு அடுத்த சூட்டைப் பெற்றுப்போடும் சங்கிலியை அறுப்பது நோக்கம். வேலைக்கு எடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் அதே தெருவில் ஒரு காலத்தில் துப்பாக்கியோடு திரிந்து, சிறை போய், மனம் மாறி வந்தவர்கள். அவர்கள் சொன்னால்தான் பையன்கள் காது கொடுப்பார்கள்.

தேர்ந்த இடையீட்டாளர் வேலை செய்யும் ஒழுங்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். சேதி கிடைத்ததும் முதலில் பார்ப்பது ஆத்திரத்தில் இருப்பவனை, எதிராளியை அல்ல. தனியாக வருகிறார். அவன் கேட்கும் ஒருவரை, அத்தையையோ பழைய கால்பந்துப் பயிற்சியாளரையோ, போனில் பிடித்துவைக்கிறார். பையனை அந்த இடத்தைவிட்டு நகர்த்துகிறார்: "வா, சாப்பிட்டுவிட்டு வருவோம்." கொட்டித் தீர்க்கவிடுகிறார். அவன் நியாயத்தை மறுப்பதில்லை. "நீ கோபப்பட்டதில் தப்பில்லை, ஆனால் நாளைக்கு உன் அம்மா எங்கே உட்கார்ந்திருப்பார் என்று யோசி" என்பது போன்ற பேச்சு. அன்றைக்கு அவர் கேட்பது சமாதானம் அல்ல, நேரம்: "விடியும்வரை எனக்காகப் பொறு." முதல் மூன்று நாட்கள் கடந்தால் பாதிக் கிணறு தாண்டியதாகக் கணக்கு.

அடுத்து எதிர்த் தரப்பு. இரண்டு பக்கமும் தனித்தனியே பேசி, உண்மையான புண் எது என்று கண்டுபிடிக்கிறார். சொல்லப்படும் காரணம் பணமாக இருக்கும். உள்ளே இருப்பது எல்லோர் முன்னாலும் பட்ட அவமானமாக இருக்கும். இருவருக்கும் முகம் கெடாத ஒரு வழி வேண்டும். பதிவை இருவரும் ஒரே நேரத்தில் அழிப்பது, கடனை மூன்றாவது ஆள் மூலம் தவணையாகத் தருவது, ஒருவர் தெருவில் மற்றவர் ஒரு மாதம் கால் வைக்காமல் இருப்பது. நேருக்கு நேர் உட்காரவைப்பது கடைசிப் படி. பல தகராறுகளில் அது தேவைப்படுவதே இல்லை. அவசரப்பட்டு முதல் நாளே இருவரையும் ஓர் அறையில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அறைக்கு வெளியே இருவரின் நண்பர்களும் நிற்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சமாதானம் ஆனபிறகும் நாட்காட்டியில் சில தேதிகளைக் குறித்துவைக்க வேண்டும். இறந்தவரின் பிறந்த நாள், நினைவு நாள், ஒருவன் சிறையிலிருந்து வெளிவரும் நாள், இறுதிச் சடங்கு. பழைய பகை இந்த நாட்களில்தான் விழித்துக்கொள்ளும். இறந்தவரைக் கேலி செய்யும் ஒரு நேரலை இரண்டு ஆண்டு அமைதியை ஒரே இரவில் கலைத்துவிடும். அதனால் குழுவில் ஒருவராவது சமூக வலைதளங்களைத் தினமும் பார்க்க வேண்டும்.

முடிவுகள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸ், ஈஸ்ட் நியூயார்க் பகுதிகளில் ஜான் ஜே கல்லூரி 2017-இல் வெளியிட்ட ஆய்வு துப்பாக்கிக் காயங்களில் நல்ல குறைவைக் கண்டது. பால்டிமோரில் 2007 முதல் நடக்கும் 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ்' திட்டத்தில், உயிர்போகாத சூடுகள் சராசரியாக 23 விழுக்காடு குறைந்ததாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2023-இல் கணித்தது; இடத்துக்கு இடம் பலன் ஒன்றாக இல்லை. பிட்ஸ்பர்க்கில் இதையொத்த திட்டம் ஒன்றில் கொலைகள் குறையவில்லை, தாக்குதல்கள் கூடின. அங்கே பணியாளர்கள் தனித்தனிப் பையன்களுக்கு உதவி தேடித் தருவதில் மூழ்கி, குழுக்களுக்குள் நடக்கும் பகையில் போதுமான அளவு நுழையவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம்; இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

எங்கே உடைகிறது? பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது காவல்துறை. இடையீட்டாளர் போலீசுக்குச் சேதி சொல்கிறார் என்று ஒரு வதந்தி கிளம்பினால் அன்றோடு அவர் பணி முடிந்தது, உயிருக்கும் ஆபத்து. போலீசிடமிருந்து சேதி குழுவுக்கு வரலாம், குழுவிலிருந்து போலீசுக்குப் போகக் கூடாது. இதை எழுத்தில் ஒப்பந்தமாக்க வேண்டும். இரண்டாவது சம்பளம். நகராட்சியின் பணம் மூன்று மாதம் தாமதித்தால் நல்ல ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். நம்பிக்கையை அவர்கள் கூடவே எடுத்துக்கொண்டு போவார்கள். மூன்றாவது ஊழியர்களின் உடலும் மனமும். 2021 ஜனவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடையே பால்டிமோரில் மட்டும் இந்தத் திட்டத்தின் பணியாளர்கள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஆயுள் காப்பீடு, மனநல ஆலோசனை, சம்பளத்தோடு விடுப்பு இல்லாமல் ஒருவரை இந்த வேலைக்கு அனுப்புவது அநியாயம்.

மருத்துவமனைக் கட்டிலருகே

சுடப்பட்டுப் பிழைத்தவனும் அவன் நண்பர்களும் பழிவாங்கக் கிளம்பும் இடம் அவசரச் சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறை. வலியில், பயத்தில், "இதிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும்" என்று அவன் உண்மையாகவே நினைக்கும் இடமும் அதே கட்டில்தான். ஓக்லாண்டில் யூத் அலைவ் அமைப்பு 1994 முதல் இந்தக் கட்டிலருகே ஆள் அனுப்பிவருகிறது. அவர் முதல் உரையாடலிலேயே "பழிவாங்கப் போகிறார்களா, யார்?" என்று விசாரித்து, தெருக் குழுவுக்கு எச்சரிக்கை தருகிறார். பிறகு ஆறு மாதமாவது கூடவே இருந்து வீடு மாற்றம், பள்ளி, வழக்கு, காயத்தின் தொடர் சிகிச்சை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். பால்டிமோரில் 100 நோயாளிகளை வைத்து 2006-இல் வெளிவந்த ஒரு குலுக்கல் ஆய்வில், உதவி பெற்றவர்களில் 5 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 36 விழுக்காட்டினரும் மீண்டும் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். எண்ணிக்கை சிறியது, ஆனால் திசை தெளிவு. கனெக்டிகட், இல்லினாய் மாநிலங்கள் 2021-இல் இந்தச் சேவைக்கு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பணம் தரச் சட்டம் செய்தன. ஆண்டுதோறும் யாரிடமாவது நிதி கேட்டு நிற்கும் நிலையிலிருந்து விடுபட இது ஒரு வழி.

கூப்பிட்டுச் சொல்லும் முறை

இந்த முறையைப் பாஸ்டன் நகரம் 1996-இல் தொடங்கியது. ஊரில் சுடுவதும் சுடப்படுவதும் மிகச் சிலர். அவர்களைக் கூப்பிட்டு, பிள்ளையை இழந்த தாய்மார், மதகுருமார், உதவி தருபவர்கள், காவல்துறை எல்லோரும் ஒரே அறையில் ஒரே சேதி சொல்வது: நீ உயிரோடு இருக்க வேண்டும், இதோ உதவி, சுட்டால் உன் குழு முழுவதன்மேலும் சட்டம் பாயும். பாஸ்டனில் இளைஞர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்தன. ஓக்லாண்டில் 2012-இல் தொடங்கிய இதே முறையால் துப்பாக்கிக் கொலைகள் ஏறத்தாழ 31 விழுக்காடு குறைந்ததாக மதிப்பீடு.

எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் இது தனிமனிதத் தகராறைத் தீர்ப்பதில்லை, குழுவின் நடத்தையை அடக்குகிறது. உதவி என்று சொன்னதைக் கொடுக்காவிட்டால் அந்த அறை வெறும் மிரட்டல் அறையாகிவிடும். தலைமை மாறினால் ஓரிரு ஆண்டில் கலைந்துவிடும். பாஸ்டனிலேயே 2000 வாக்கில் அது கைவிடப்பட்டது.

வேலையும் கூலியும்

சிகாகோவில் 2012 கோடையில் 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். தேர்வானவர்களுக்கு எட்டு வாரம், வாரம் 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலியில் வேலை. கூடவே கவனித்துக்கொள்ள ஒரு பெரியவர். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றக் கைதுகள் 43 விழுக்காடு குறைந்தன. குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்தபிறகு வந்தது என்பதுதான் இதில் முக்கியம். பையனைத் தெருவிலிருந்து விலக்கிவைத்தது மட்டுமே காரணம் என்றால் கோடை முடிந்ததும் பலனும் முடிந்திருக்கும். மேலாளர் கோபமாகச் சொன்ன ஒன்றைக் கேட்டுக்கொண்டு நிற்பது, நேரத்துக்கு வருவது, வேலையிடத்தில் முறைப்பவனை அலட்சியம் செய்வது ஆகியவை தகராறைக் கடக்கும் பழக்கங்களே. செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் சின்ன ஊர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இளைஞருக்கு எட்டு வாரம் போதாது. கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம் 2007-இல் தனி அலுவலகம் திறந்து, 2010 முதல் 18 மாதத் திட்டம் நடத்தியது. முதல் ஆறு மாதம் தன் வாழ்க்கைத் திட்டத்தில் ஒழுங்காக முன்னேறினால் பிறகு மாதம் 1,000 டாலர் வரை உதவித்தொகை. எதிர்க் குழுக்காரனோடு சேர்ந்து வெளியூர்ப் பயணம். "சுடாமல் இருக்கப் பணம் தருகிறார்கள்" என்ற கூச்சல் எழத்தான் செய்யும். ஒரு துப்பாக்கிக் காயத்தின் மருத்துவமனைச் செலவு, விசாரணைச் செலவு, சிறைச் செலவைக் கூட்டிப் பார்த்துப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

சிகாகோவில் 2017-இல் தொடங்கிய 'ரெடி' திட்டம் 18 மாத வேலையும் சிகிச்சை வகுப்பும் சேர்த்துக் கொடுத்தது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 25. கணினிக் கணக்கு தேர்ந்தெடுத்தவர்களைவிடத் தெருப் பணியாளர்கள் "இவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கைகாட்டியவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. யாருக்கு எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்பது தெருவில் நிற்பவருக்குத் தெரிகிறது.

துப்பாக்கிக்கும் பையனுக்கும் நடுவே ஒரு பூட்டு

மேலே சொன்ன எந்த வழியை எடுத்தாலும் இதைச் சேர்த்தே எடுக்க வேண்டும். மலிவானதும் இதுவே. அமெரிக்கச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. ஆகவே பதினாறு வயதுப் பையனின் கையில் இருப்பது வீட்டிலிருந்து எடுத்ததாகவோ, திருடியதாகவோ, தெருவில் வாங்கியதாகவோ, நண்பனிடம் இரவல் வாங்கியதாகவோ இருக்கும். பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து, அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரட் சர்வீஸ் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், துப்பாக்கியால் தாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருந்தார்கள்.

குண்டு எடுக்கப்பட்ட நிலையில், பூட்டி, குண்டுகளை வேறு இடத்தில் வேறு பூட்டில் வைக்க வேண்டும். கம்பிப் பூட்டு பல காவல் நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும். அதைக் குழாய்க்குள் விட்டுப் பூட்டினால் குண்டு ஏற்ற முடியாது. ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதை அது தடுக்காது, அதற்குப் பெட்டி வேண்டும். பெற்றோர் வழக்கமாகச் செய்யும் பிழை, சாவியைப் பையனுக்கும் தெரிந்த இழுப்பறையில் வைப்பது, கடவு எண்ணாகப் பிறந்த தேதியைப் போடுவது. பையன் ஒரு தகராறில் இருக்கிறான் என்று தெரிந்தால் அந்த வாரம் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். பையனைச் சில நாள் வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவது கோழைத்தனம் இல்லை. அம்மாவோ அக்காவோ எதிராளியின் பதிவுக்குக் கீழே போய்ச் சண்டை போடுவது மட்டும் கூடவே கூடாது. ஒருவரின் தகராறு இரண்டு குடும்பத்தின் தகராறாவது அங்கேதான். ஒருவர் மிரட்டுவதும் ஆயுதம் வைத்திருப்பதும் உறுதியாகத் தெரிந்தால், இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நீதிமன்றத்தின் மூலம் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கச் சட்டம் இருக்கிறது.

எந்த ஊருக்கு எது?

பள்ளியில் அடிதடி கூடுகிறது, ஆனால் இதுவரை யாரும் சுடப்படவில்லை என்றால் வகுப்புகள், கோடை வேலை, பெற்றோருக்குப் பூட்டு. தெருக் குழு வேண்டாம்.

நான்கைந்து தெருக்களில் மாதம்தோறும் யாராவது சுடப்படுகிறார்கள் என்றால் பள்ளி வகுப்பை நம்பி உட்கார முடியாது. இடையீட்டாளர் குழு, அருகிலுள்ள மருத்துவமனையில் ஓர் ஆள், தெருக் குழு கைகாட்டும் இளைஞருக்கு நீண்டகால வேலை, இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இதற்கு ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் ஆகும். பாதிப் பணம்தான் இருக்கிறதா? பரப்பைப் பாதியாக்குங்கள், ஆட்களைப் பாதியாக்காதீர்கள். இளைஞரோடு தொடர்பில் இருக்கும் ஒரு பணியாளர் பதினைந்து பேருக்குமேல் பார்த்துக்கொள்ள முடியாது.

இரண்டு குழுக்கள் மாறி மாறிப் பழிவாங்கிக்கொண்டிருந்தால் பாஸ்டன் முறையும் இடையீட்டாளரும் சேர்ந்து வேலை செய்யலாம். ஆனால் ஒரே அலுவலகத்தில் வைக்கக் கூடாது, தெருப் பணியாளர் அந்தக் கூட்டத்தில் காவலருக்குப் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

பணம் போடக் கூடாதவையும் உண்டு. பிள்ளைகளைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளை வைத்து மிரட்டும் முறை, ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட அதிகக் குற்றத்தில் முடிகிறது என்று பல குலுக்கல் ஆய்வுகள் சேர்ந்து காட்டியிருக்கின்றன. துப்பாக்கியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கும் நாட்களில் வந்து சேர்வது பெரும்பாலும் பரணில் கிடந்த பழையவை; சண்டையில் இருப்பவன் தன்னுடையதைக் கொண்டுவர மாட்டான்.

ஒப்பந்தம் எழுதும்போது "இத்தனை தகராறு தீர்த்தோம்" என்ற எண்ணை வெற்றியாக ஏற்காதீர்கள். அதை யாரும் ஏற்றி எழுதலாம். ஒரு சூட்டுக்குப் பின் 30 நாட்களில் பழிவாங்கல் நடந்ததா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஆறாம் மாதமும் இருக்கிறார்கள், அதேபோன்ற பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டால் சூடுகள் எப்படி என்று கேளுங்கள். ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது. செலவழித்துவிட்டு ரசீது காட்டினால் தருவோம் என்ற முறையில் சின்ன அமைப்புகள் மூச்சுத்திணறும். மூன்று மாதத் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். ஒரே நிதியை நம்பவும் வேண்டாம். 2022-இல் அமெரிக்க மத்திய அரசு சமூக வன்முறைத் தடுப்புக்கென 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் அந்த அரசின் நீதி அமைச்சகம் பல மானியங்களைப் பாதியிலேயே ரத்து செய்தபோது ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை பல அமைப்புகளுக்கு வந்தது.

கோடையில் துப்பாக்கிச் சூடுகள் கூடும். அதனால் ஜனவரிக்குள் கையெழுத்து, பிப்ரவரி மார்ச்சில் ஆள் தேர்வு, ஏப்ரலில் பயிற்சி. மே மாத முதல் வாரத்தில் குழு தெருவில் நின்றிருக்க வேண்டும், வேலைநேரம் வியாழன் முதல் ஞாயிறு வரை, மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டி.